முட்டி மாற்றி ஏழு மாதம் ஆகிறது, மறுபடியும் மண்ணில் வண்டி ஓட்டியவர்கள் யாராவது உண்டா?

செம்மண்காடு (கோவை)

வணக்கமுங்க. வயது 56. இடது முட்டியை முழுசாக மாற்றி ஏழு மாதம் ஆகிறது. கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், கேள்வி கடைசியில்.

1994 வாக்கில் ஆர்எக்ஸ் 100-ஐப் பிரித்து, மட்கார்டைக் கழற்றி, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, பட்டன் டயர் போட்டு மண் ரேஸ் ஓட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு மேட்டில் தாவி இறங்கும்போது வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இடது கால் மட்டும் நடுவில். முட்டிக்குள் 'டப்' என்று கேட்ட சத்தம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் முன்பக்கத் தசைநார்) என்ற பேரே அப்போது எங்களுக்குத் தெரியாது. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் படுக்கவைத்தார்கள், எழுந்தேன், அடுத்த சீசன் ஓட்டினேன். பத்து வருஷம் கழித்துக் கிழிந்த சவ்வை எடுத்தார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் வளைந்து, போன வருஷம் உழவர் சந்தைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காரும் நிலை. எக்ஸ்-ரேயில் எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டு நின்றது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. இப்போது 118 டிகிரி மடங்குகிறது. சம்மணம் போட முடியாது, சாயங்காலம் ஆனால் முட்டி லேசாகச் சுடுகிறது, தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்தே கிடக்கிறது. மற்றபடி வலி இல்லை. டாக்டரிடம் கேட்டேன். நடங்க, நீந்துங்க, சைக்கிள் ஓட்டுங்க என்றார். பைக்? ரோட்டில் ஓட்டிக்கொள்ளுங்கள் என்றார். மண்ணில்? அவர் பதில் சொல்லாமல் என் மனைவியைப் பார்த்தார். பதில் அங்கிருந்து வந்துவிட்டது.

வீட்டில் ஒரு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, மண் பாதைக்கான பைக், உறை போட்டு நிற்கிறது. ஓடியது 1,900 கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிடம் விட்டு நிறுத்துகிறேன். யாராவது முட்டி மாற்றியபின் மண்ணுக்குத் திரும்பியிருக்கிறீர்களா? எத்தனை மாதத்தில்? எதை மாற்றினீர்கள்? 'வேண்டாம்' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அதைச் சொல்ல வீட்டிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

---

பட்டன்டயர்_பையன்

அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, 56 வயசுல எதுக்கு இந்த ரிஸ்க்? கார்ல டூர் போகலாமே.

---

செம்மண்காடு (கோவை)

தம்பி, உங்களுக்கு 56 ஆகும்போது இதே இழையைத் தேடிப் படிப்பீர்கள். அப்போது பேசலாம்.

---

பிசியோ_ஈரோடு

சார், மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். ஏழு மாதம் என்பது தோலும் எலும்பும் ஆறிய கணக்கு. தொடையின் கணக்கு வேறு. முட்டி மாற்றிய முதல் மாதத்திலேயே முன்தொடைத் தசை பாதிக்கு மேல் பலம் இழந்துவிடும், அது முழுசாகத் திரும்ப ஒரு வருஷம் ஆனாலும் பலருக்குத் திரும்புவதில்லை, காரணம் வலி போனதும் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு அதற்கு முன்பே முப்பது வருஷமாக அந்தக் கால் ஏமாற்றிக்கொண்டுதான் நடந்திருக்கிறது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

118 டிகிரி மடங்குகிறது என்று சந்தோஷப்படுகிறீர்கள், நல்லதுதான், வண்டியில் உட்கார அது தாராளம். ஆனால் நான் முதலில் பார்ப்பது முழுசாக நீள்கிறதா என்பதைத்தான். கட்டிலில் மல்லாந்து படுத்து முட்டியின் பின்பக்கம் மெத்தையைத் தொடுகிறதா என்று பாருங்கள். அடியில் கை நுழைந்தால் கால் இன்னும் நீளவில்லை. நீளாத காலில் எழுந்து நின்று ஓட்டினால் தொடை ஐந்தே நிமிடத்தில் நடுங்கும்.

அடுத்தது படி. மாடிப்படியின் கடைசிப் படியில் இடது காலில் மட்டும் நின்று, வலது குதிகாலை மெதுவாகத் தரையில் தொட்டு மேலே வாருங்கள். பத்து முறை. கைப்பிடியைத் தொடக்கூடாது, முட்டி உள்பக்கமாகச் சாயக்கூடாது, இடுப்பு ஒரு பக்கம் இறங்கக்கூடாது. கண்ணாடி முன்னால் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்களே உங்களை ஏமாற்றிக்கொள்வீர்கள். ஃபுட்ரெஸ்ட்டில் நிற்பது போல அரைக் குந்தலில் இரண்டு நிமிடம் நிற்க முடிகிறதா? இவையெல்லாம் வந்தபின் மண்ணைப் பற்றிப் பேசலாம்.

---

செம்மண்காடு (கோவை)

செய்து பார்த்தேன். கை நுழைகிறது. படியில் நான்காவது முறையிலேயே முட்டி உள்ளே சாய்ந்தது. மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், அது திட்டியதை விட மோசம்.

---

இரட்டைமுட்டி (ஓசூர்)

நான் திரும்பியவன், அதனால் எழுதுகிறேன். வயது 62, இரண்டு முட்டியும் மாற்றியாயிற்று. பதினான்காவது மாதம் மண்ணில் இறங்கினேன், இப்போது மூன்று வருஷம் ஓடிவிட்டது. வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம். தாவல் கிடையாது, ஆற்று மணல் கிடையாது, தனியாகப் போவது கிடையவே கிடையாது.

பலரும் முட்டியின் ஆயுசைப் பற்றி, உலோகத்தைப் பற்றிப் பேசுவார்கள். என் அனுபவத்தில் விஷயம் ஒன்றே ஒன்றுதான்: திருப்பத்தில் கால் ஊன்றும் பழக்கம். நாம் எல்லாரும் இளவயதில் கற்றது அதைத்தான், வளைவில் உள்பக்கக் காலை முன்னால் நீட்டி, வண்டி வழுக்கினால் தரையில் ஒரு உதை உதைத்து நிமிர்த்துவது. இந்த ஆபரேஷனில் ஏசிஎல்லை எடுத்துவிடுவார்கள் (உங்களுக்கு எடுக்க ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது). பின்பக்கத் தசைநாரைச் சிலருக்கு விட்டுவைப்பார்கள், சிலருக்கு அதையும் எடுத்து உள்ளே ஒரு முளை வைப்பார்கள். நேராக மடங்கி நீள்வதற்கு இந்த முட்டி அருமையாக இருக்கும். ஷூ மண்ணில் மாட்டி, மேலே உடம்பும் வண்டியும் சுழன்றால், அந்த முறுக்கு முழுக்க, முட்டியை ஒட்டவைத்த சிமெண்டும் எலும்பும் சேரும் இடத்தில்தான் போய் இறங்கும்.

ஆகவே நான் முதலில் செய்தது, பெயருக்குக்கூட ஆஃப்ரோடு இல்லை. விடுமுறை நாளில் ஒரு பள்ளி மைதானம். நடை வேகத்தில் வட்டம். கால் இரண்டும் ஃபுட்ரெஸ்ட்டை விட்டு எழவே கூடாது. வண்டி நின்றுபோனால், சாய்ந்தால், கால் ஊன்றாமல் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு வண்டியிலிருந்து நகர்ந்துவிட வேண்டும். வண்டி விழட்டும். இதைப் பழக எனக்கு ஏழு ஞாயிறு பிடித்தது. நாற்பது வருஷமாக 'வண்டியைக் கீழே போடாதே' என்று வளர்ந்தவனுக்கு வண்டியை வேண்டுமென்றே கீழே போடக் கற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முதல் நாள் மூன்று முறையும் கால் தானாகவே ஊன்றியது. மூளை சொல்வதற்குள் கால் போய்விடுகிறது. கிளட்ச் லீவர் உடைந்தால் முந்நூறு ரூபாய், முட்டி உடைந்தால் என்ன என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இடது முட்டி. அதனால் இடது திருப்பம்தான் உங்கள் எதிரி. வலது திருப்பத்தில் உங்கள் நல்ல கால் உள்ளே இருக்கும். மைதானத்தில் இடது வட்டத்தை மூன்று மடங்கு போடுங்கள்.

---

எஸ்டி_பைத்தியம்

எல்லாரும் எக்ஸ்பல்ஸ் பேசுகிறீர்கள். என்னிடம் இருப்பது பழைய எஸ்டி (Yezdi) பைக். இடது முட்டி மாற்றப் போகிறேன். கிக்கரும் கியரும் ஒரே லீவர், அதுவும் இடது பக்கம். மாற்றவேண்டியது முட்டியையா வண்டியையா என்று வீட்டில் விவாதம் நடக்கிறது.

---

ஒர்க்‌ஷாப்_பொள்ளாச்சி

எஸ்டிக்கு என்னிடம் வழி இல்லைங்க. எக்ஸ்பல்ஸுக்குச் சொல்கிறேன். சாதா எக்ஸ்பல்ஸ் சீட் உயரம் 823 மில்லிமீட்டர், 4வி புரோ மாடல் வாங்கியிருந்தால் 891. அண்ணனிடம் சாதாதான் என்றால் தப்பித்தார். சீட்டைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், ஃபோமை ஒன்றரை இன்ச் செதுக்கித் தருகிறேன், இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதியும்.

---

இரட்டைமுட்டி (ஓசூர்)

செதுக்காதீர்கள்! இதில் நானே ஏமாந்தேன். சீட்டை மட்டும் இறக்கினால் சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடைவெளி குறையும். முட்டி இன்னும் அதிகமாக மடங்கி உட்கார வேண்டிவரும், உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பதும் கஷ்டமாகும். மண்ணில் மணிக்கு நூறு முறை எழுந்து உட்காருவோம். ஒரு மாதத்தில் முட்டிச் சிப்பிக்குக் கீழே வலி வந்து, சீட்டைத் திரும்பப் பழையபடி கட்டினேன். இறக்குவதென்றால் சஸ்பென்ஷனில் இறக்குங்கள்.

---

ஒர்க்‌ஷாப்_பொள்ளாச்சி

அண்ணன் சொல்வது சரிதான், இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. என்னிடம் வருபவர்கள் எல்லாம் குள்ளமாக இருக்கிறேன் என்று வருபவர்கள், முட்டி மாற்றியவர் இதுவரை வந்ததில்லை. அப்படியென்றால் பின்பக்க சஸ்பென்ஷனை இறக்கி, முன்னால் ஃபோர்க்கை கிளாம்பில் அதே அளவு மேலே ஏற்றிவிடலாம். சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும், மறந்தால் வண்டி நிமிர்ந்து நின்று வலது பக்கம் சாய்ந்துவிடும். கிரவுண்ட் கிளியரன்ஸ் குறையும், பாறையில் ஏறாதவருக்கு அது பெரிய விஷயம் இல்லை. கியர் லீவரையும் ஒரு பல் மேலே ஏற்றிவிடுகிறேன், பெரிய பூட் போடும்போது கணுக்காலை வளைத்து முட்டியைத் திருப்ப வேண்டிய அவசியம் இருக்காது. ஹேண்டில்பாரை உயர்த்த ஒரு ரைஸர் போட்டால் நின்று ஓட்டும்போது முதுகு வளையாது.

---

இரட்டைமுட்டி (ஓசூர்)

இன்னொன்று, ஏறுவது. சைடு ஸ்டாண்டு இடது பக்கம். அதாவது நம் நாட்டில் எல்லாரும் இடது காலில் நின்று வலது காலைத் தூக்கிப் போட்டு ஏறுகிறோம். அந்த நேரத்தில் மொத்த உடம்பும் ஒற்றை இடது முட்டியில் நின்று சுழல்கிறது. ஒரு கெட்டியான பெட்டியோ திண்ணையோ பக்கத்தில் இருக்கும்படி நிறுத்தி, அதன் மேல் நின்று ஏறுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

விழுந்த வண்டியைத் தூக்குவது பற்றியும். முதுகைச் சீட்டில் வைத்து, குந்தி, தொடை பலத்தில் தூக்கும் முறையெல்லாம் நமக்கு இல்லை, அந்த அளவுக்கு முட்டி மடங்கவும் செய்யாது. 150 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டி. தனியாகப் போகாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

---

ஒற்றைப்பிளேட் (மதுரை)

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் 'வேண்டாம்' என்று எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வலது முட்டி, 58 வயதில். பத்தாவது மாதமே இறங்கிவிட்டேன். ஆபரேஷன் செய்த இடத்தில் வண்டி ஓட்டுவேன் என்று நான் சொல்லவே இல்லை, அவர்களும் கேட்கவில்லை. மூன்று மாதம் பிரமாதமாகப் போனது. நான்காவது மாதம், காட்டிலும் இல்லை, மேட்டிலும் இல்லை, எங்கள் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே சரளைக்கல் கொட்டியிருந்த திருப்பம். வேகம் பத்துகூட இருக்காது. முன் சக்கரம் வழுக்கியது, வலது கால் தானாக நீண்டது, ஊன்றியது, பாதம் கல்லில் மாட்டியது. விழவே இல்லை. வண்டியும் விழவில்லை. நிமிர்ந்து நிற்கிறேன், ஆனால் கால் என்னுடையதாக இல்லை.

முட்டிக்குச் சற்று மேலே, உலோகம் முடியும் இடத்தில் தொடை எலும்பு உடைந்திருந்தது. எலும்பும் உலோகமும் ஒரே மாதிரி வளையாது, அதனால் எல்லையில்தான் உடையும் என்று விளக்கினார்கள். பக்கவாட்டில் நீளப் பிளேட், வரிசையாகத் திருகு. பன்னிரண்டு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. என் மகன் வேலைக்கு விடுப்பு போட்டு என்னைக் குளிப்பாட்டினான். அந்த வெட்கம் எலும்பு வலியை விடப் பெரிது. உள்ளே இருந்த முட்டி அசையவில்லை, அது அதிர்ஷ்டம். அசைந்திருந்தால் அதையும் எடுத்துவிட்டு நீளத் தண்டு வைத்த வேறு முட்டி போட்டிருப்பார்கள்.

இரட்டைமுட்டி அண்ணன் சொன்ன மைதானப் பயிற்சியை எனக்கு அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

---

செம்மண்காடு (கோவை)

இதை மூன்று முறை படித்தேன். வேகம் பத்து என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். நான் பயந்துகொண்டிருந்தது தாவலுக்கும் வேகத்துக்கும். எழுதியதற்கு நன்றிங்க.

---

கணக்குப்பிள்ளை

யாரும் எண்களைத் தொடவில்லை, நான் தொடுகிறேன். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, வெளிநாட்டுப் பதிவேடுகளை வைத்துச் செய்தது: முழு முட்டி மாற்றினால் 25 வருஷம் கழித்தும் நூற்றில் 82 முட்டி அப்படியே ஓடுகிறது. பாதி முட்டி மாற்றியவர்களுக்கு 70. இதை மட்டும் காட்டி சந்தோஷப்படுத்துவார்கள். 2017-ல் அதே இதழில் வந்த இன்னொன்று வயது வாரியாகப் பார்த்தது: 70 வயதுக்கு மேல் மாற்றினால் ஆயுளுக்குள் மறுபடி மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு நூற்றுக்கு 5 மாதிரி, 50-களின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கு 35. இளவயதுக்காரர் அதிக வருஷம் வாழ்கிறார், அதிகம் ஓடுகிறார், காரணம் அவ்வளவுதான். நீங்கள் 55-ஐத் தாண்டிச் செய்திருக்கிறீர்கள், கொஞ்சம் தேவலை. இரண்டு ஆய்விலும் யாரும் மண்ணில் பைக் ஓட்டியவர்களைத் தனியாக எண்ணவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

தேய்வது உலோகம் அல்ல. மேலே கோபால்ட் குரோமியம், கீழே பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, நடுவில் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பாலிஎதிலீன். அந்தப் பிளாஸ்டிக் தேய்ந்து வரும் பொடிதான் வருஷக்கணக்கில் சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். ஆகவே உடம்பு எடையைக் குறைப்பது வண்டியில் போடும் எந்தப் பாகத்தையும் விட நல்ல செலவு. காசும் கேட்காது.

செலவென்றதும் ஞாபகம் வந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது சாதாரண கோபால்ட் குரோமியத்துக்கு 54,720 ரூபாய், மறுமாற்று முட்டிக்கு 1,13,950 என்று வைத்தார்கள், ஜிஎஸ்டி தனி. இரண்டாவது ஆபரேஷன் சாமானிலேயே இரண்டு மடங்கு.

இன்சூரன்ஸ் பேப்பரையும் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். சாகச விளையாட்டு விலக்கு என்று ஒரு பத்தி பெரும்பாலான மருத்துவப் பாலிசிகளில் இருக்கும். 'தொழில்முறையாக' ஈடுபடுவோருக்கு என்றுதான் பொதுவாக அதில் இருக்கும். அப்படி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவர் அதில் வரமாட்டார், ரேஸில் பரிசுப் பணம் வாங்கினால் கதை வேறு.

---

செம்பனைத்தோட்டம் (சுங்கை பட்டாணி)

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே டர்ட் பைக்கை ஸ்க்ராம்ப்ளர் என்போம். என்னிடம் கேஎல்எக்ஸ் 150. வலது முட்டி மாற்றி நான்கு வருஷம், தோட்டப் பாதையில் மட்டும் ஓட்டுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று: சேறு. போன மழைக்காலத்தில் பூட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கால்விரல் இடுக்கில் ஏற்கெனவே இருந்த சேற்றுப்புண் வழியாகக் கிருமி ஏறி, கெண்டைக்கால் சிவந்து வீங்கிவிட்டது. முட்டிக்காரர் என்றதும் டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார். இரத்தத்தில் கலந்த கிருமி அந்த உலோகத்தில் போய் ஒட்டிக்கொண்டால் மருந்தால் மட்டும் போகாது, பிரித்துக் கழுவ வேண்டும், சில நேரம் முட்டியையே கழற்ற வேண்டும். ஐந்து நாள் ஊசி. தப்பித்தேன். இப்போது கிளம்புவதற்கு முன் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பார்ப்பேன், பித்தவெடிப்பு, அட்டை கடித்த புண், எது இருந்தாலும் அன்றைக்கு மோட்டார் வெளியே வராது.

---

செம்மண்காடு (கோவை)

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பதிமூன்று மாதம் ஆகிவிட்டது. முட்டிக்கு அடியில் இப்போது கை நுழைவதில்லை. படி பத்தும் வருகிறது, பதினைந்தும் வருகிறது. ஆறு கிலோ இறங்கினேன். டாக்டரிடம் போய் இந்த முறை மறைக்காமல் எல்லாம் சொன்னேன், மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார், சிமெண்ட் ஓரத்தில் இடைவெளி இல்லை என்றார். 'சரி' என்று சொல்லவில்லை. 'விழுந்தால் எனக்கு வேலை, உங்களுக்குக் கஷ்டம்' என்றார். தாவக்கூடாது, கால் முறுகக்கூடாது, வருஷம் ஒரு முறை படம் எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஒட்டியது நான் இல்லை.

வண்டியைப் பொள்ளாச்சியில் இறக்கியாயிற்று, ஸ்டாண்டும் வெட்டியாயிற்று. மைதானத்தில் ஒன்பது ஞாயிறு. இரட்டைமுட்டி அண்ணனுக்கு ஏழு, எனக்கு இரண்டு கூடுதல். ஐந்தாவது ஞாயிறு வரை கால் ஊன்றிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் மைத்துனர் ஒரு யோசனை சொன்னார்: ஃபுட்ரெஸ்ட்டுக்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை வை, அது விழுந்தால் எனக்கு டீ. பதினோரு டீ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் நாணயம் விழவில்லை.

போன வாரம் கேத்தனூர் பக்கம் போனோம், காற்றாலைகளுக்கு நடுவில் ஓடும் மண் பாதை, மோட்டார் ராலி நடக்கும் அதே பக்கம். மூன்று பேர், காலை ஆறரை மணி. புழுதி அடங்கியிருந்தது, ராத்திரி லேசாகத் தூறியிருக்கிறது போல. எழுந்து நின்றேன். தொடை பிடித்தது, நடுங்கவில்லை. நாற்பது நிமிடம், இருபத்தைந்துக்கு மேல் வேகம் போகவில்லை. என்னை ஒரு பால்காரர் எக்ஸ்எல்லில் கேனோடு தாண்டிப் போனார்.

திரும்பும்போது ஓர் இடது திருப்பம், டிராக்டர் தடத்தில் முன் சக்கரம் இறங்கி வண்டி சாய்ந்தது. விட்டுவிட்டேன். இரண்டு கையையும் விட்டுவிட்டு வலது பக்கமாக இறங்கி நின்றுகொண்டு வண்டி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைத்துனர் ஓடி வந்து முதலில் என் காலைப் பார்த்தார், நான் வண்டியைப் பார்த்தேன். கிளட்ச் லீவர் முனை போய்விட்டது. 280 ரூபாய்.

---

ஒர்க்‌ஷாப்_பொள்ளாச்சி

அண்ணா, அடுத்த முறை இரண்டு லீவர் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைச் சீட்டுக்கு அடியில் கட்டித் தருகிறேன்.